அடுத்தவன் பொக்ஸில் வாசித்தவன்

வில்வராசன் கிட்டார் வாசிப்பான் என்று ஆண்டிமுனையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அந்த நாலு கம்பிக் கிட்டாரா? மிச்ச ரெண்டையும் வாங்க வசதியில்லையாக்கும்" என்று சிரிப்பார்கள். வருசக் கணக்காக ஓடுகிற பகிடி இது. வில்வனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான், பாட்டுக்கு அடியில் நின்று அதைத் தாங்குவதுதான் அதன் வேலை என்று விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி அவனுக்கு அலுத்துவிட்டது. மேடையில் பேஸ்காரன் வாசிக்கும்போது ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. அவன் கையை எடுத்தால்தான், என்னவோ குறைகிறதே என்று ஆட்கள் தலையைத் தூக்குவார்கள். நன்றி கெட்ட வாத்தியம்தான். ஆனால் வில்வன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவனுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. வாவிக் கரையில் ஒரு இறால் பண்ணையில் வேலை. குளத்து நீரைச் சில்லுச் சுற்றி அடித்துக் காற்றேற்றும் மெஷின்கள் நின்றுவிடாமல் பார்க்க வேண்டும். மோட்டரில் உப்புப் பூத்தால் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். கதைக்க ஆள் தேவைப்படாத வேலை. வீட்டிலும் அதே கதைதான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். முன்பு ஒருமுறை பக்கத்து ஊரான உடப்பில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். "பேண்ட்காரனுக்கா?" என்று பெண்ணின் மாமன் இழுத்தார். இழுத்து இழுத்து அந்தப் பேச்சு அறுந்தே போனது. அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை, அவனும் யாரிடமும் போகவில்லை. ஒரு நேரம் சமைப்பான், அதையே ரெண்டு நேரம் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் பருப்பும்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போகிறவன் தன் சாமானை விற்றுவிட்டுப் போகமாட்டான். ஊரில் இருக்கிறவனிடம் விட்டுவிட்டுப் போவான். போட் எஞ்சின், மோட்டர்சைக்கிள், வீடு பூட்டிய திறப்பு, சிலவேளை நாயையும்தான். பொறுப்பெடுத்தவன் அதைச் சும்மா மூலையில் போட்டு வைக்கக் கூடாது. சும்மா கிடக்கிற எதையும் இந்த உப்புக் காற்று தின்றுவிடும். எஞ்சினை இடைக்கிடை ஓடவிட வேண்டும், பூட்டிய வீட்டைத் திறந்து காற்றாட விட வேண்டும். அதற்காகத் தன் சொத்துப் போலப் போட்டு அடிக்கவும் கூடாது. பாவித்தும் பாவிக்காத மாதிரி, அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. விட்டுப்போன சாமான் ஊரில் இருக்கிற வரைக்கும் ஆளும் வருவான் என்பது இங்கே எல்லோருடைய எண்ணம். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறவனுக்குத்தான் வீட்டார் ஒப்பாரி வைப்பார்கள்.

வில்வனிடம் உமாசுதன் விட்டுவிட்டுப் போனது ஒரு கிட்டார் பொக்ஸ், கிட்டாரின் சத்தம் வெளியே வருகிற ஸ்பீக்கர்ப் பெட்டி.

சுதனும் வில்வனும் ஒரே இசைக்குழுவில் இருந்தவர்கள். முத்துக்கரை இசைக்குழு என்று பெயர். உடப்புத் திருவிழா, முன்னேஸ்வரத்துப் பக்கம் கலியாணங்கள், சிலாபத்தில் சிங்களச் சனத்தின் பார்ட்டிகளுக்கு பைலா ஆட்டப் பாட்டு என்று வருசம் முழுக்க ஓடித் திரிந்தார்கள். சுதன் கிட்டார். ஆள் வில்வனைவிட அஞ்சாறு வயது இளசு, கை மின்னல், வாய் சாக்கடை. தாளத்தில் ஒரு இழை பிசகினால் போதும், மேடை என்றும் பார்க்காமல் "எருமை, எங்கடா போறாய்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏசுவான். அந்த ஏச்செல்லாம் வில்வனுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஏனென்றால் வாசிக்கும்போது சுதன் வேறு ஒருத்தரையும் பார்ப்பதில்லை. அவன் கண் எப்போதும் வில்வனின் இடது கையில் இருக்கும். அந்தக் கை எங்கே போகிறதோ அங்கே சுதன் போவான். பெண்சாதி இல்லாத வில்வனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சுதன் அறிந்திருக்கமாட்டான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இந்தக் கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் களவாகப் போட்டுகள் போகத் தொடங்கின. ட்ரம்ஸ் வாசித்தவன் முதலில் போனான். பிறகு பாடுகிறவன். கடைசியில் சுதன். போவதற்கு முதல்நாள் ஓட்டோவில் கிட்டார் பொக்ஸை ஏற்றிக்கொண்டு வந்து வில்வனின் வீட்டு அறையில் இறக்கினான். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்ட கறுப்புப் பொக்ஸ். பின்பக்கம் பாதி திறந்திருக்கும். கொழும்பில் தேடி எடுத்தது, சுதனின் உயிர்.

"பாத்துக்க மச்சான்" என்றான். இருவரும் பிளேன்டீ குடித்தார்கள். மறுநாள் அவன் ஊரில் இல்லை.

வில்வனிடம் அப்போது சொந்தமாக ஒரு பேஸ் பொக்ஸ் இருந்தது. அதற்கு எமனாக வந்தது ஒரு வெள்ளம். மாரி மழையில் வாவி பொங்கி வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் ஏறியது. வில்வன் ஓடிப்போய் முதலில் தூக்கியது சுதனின் பொக்ஸை. அதைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினான். அடுத்தவன் பொருள் அல்லவா! அந்த வேலை முடிந்து திரும்பிப் பார்த்தபோது அவனுடைய பேஸ் பொக்ஸ் சேற்று நீருக்குள் நின்றது. நீர் வடிந்த பிறகு பார்த்தால், பலகை தேத்தண்ணீரில் தோய்த்த பாண் மாதிரி ஊதி, தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த அம்ப்ளிஃபயரும் கிட்டாரும் தப்பின. சத்தம் வருவதற்குப் பொக்ஸ் இல்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தான். கை சும்மா இருக்கவில்லை. கடைசியில் வட்ஸ்அப்பில் சுதனைக் கூப்பிட்டான்.

"மச்சான், உன்ர பொக்ஸில பேஸைப் போட்டு வாசிக்கட்டா? கொஞ்ச நாளைக்கு."

அந்தப் பக்கம் சுதன் ஏதோ தொழிற்சாலை இரைச்சலுக்குள் நின்றான். "வாசியன்டா. ஆனா எருமை மாதிரி அடிச்சுக் கோனைக் கிழிச்சிடாத. நான் வந்து அதிலதான் வாசிக்கணும்" என்றான்.

வந்து அதிலதான் வாசிக்கணும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வில்வன் இத்தனை வருசமும் இருந்தான்.

கிட்டார் பொக்ஸில் பேஸ் வாசிப்பது, சைக்கிளில் சீமெந்து மூட்டை ஏற்றுகிற மாதிரி வேலை. மெதுவாகப் போனால் போய்ச் சேரலாம். அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் கிட்டாரின் மேல் தொனிகளுக்காகச் செய்தது. கோன் மெல்லிய கடதாசி, முன்பின் அசைய அதிகம் இடமில்லை. பேஸின் தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் அது எல்லை தாண்டித் துள்ளும். உள்ளே இருக்கும் சுருள் பின்தகட்டில் முட்டி டக் என்று கேட்கும். அந்த டக்கைக் கேட்டால் ஸ்பீக்கருக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். பின்பக்கம் திறந்திருப்பதால் அடித்தொனியில் பாதி பின்னால் ஒழுகிவிடும். வயிற்றில் வந்து விழுகிற அந்தக் கும் வரவே வராது. மூக்கடைத்தவன் கதைக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும்.

வில்வன் அதற்கெல்லாம் ஏற்ற மாதிரித் தன்னை மாற்றிக்கொண்டான். அம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை முக்கால்வாசி குறைத்தான். வொலியூம் இரண்டுக்கு மேல் ஏறாது. வாசிக்கும்போது ஒரு கையை இடைக்கிடை எடுத்துக் கோனில் மெல்ல வைத்துப் பார்ப்பான், பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடுகிற மாதிரி. அதிகம் அதிர்ந்தால் இன்னும் மெதுவாக வாசிப்பான். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, பெட்ஷீட்டால் மூடிவிடுவான். அடுத்த வீட்டுக்காரருக்கு அவன் வாசிக்கிறான் என்பதே தெரியாது.

தனியாக பேஸ் வாசித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் துன்பம் விளங்கும். கிட்டார்காரன் தனியே இருந்து வாசித்தால் அது பாட்டு. பேஸ்காரன் தனியே வாசித்தால் அது என்ன பாட்டு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். மேலே வரவேண்டிய சுதனின் கிட்டார் வில்வனின் தலைக்குள் கேட்கும். சுதன் சுழற்றி அடிக்கிற இடம் வந்தால் வில்வன் அவனுக்கு வழி விட்டு நாலு அடி காத்திருப்பான். அந்த நாலு அடிக்குள் வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும். பிறகு மறுபடி தொடங்குவான்.

விசாச் சிக்கலில் சுதன் வரமுடியாமலே கிடந்தான். வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றான். வருசங்கள் போகப் போகத் தொலைபேசியும் குறைந்தது. தைப்பொங்கலுக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம், அதில் பூவும் விளக்கும். வில்வன் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவான். அவனுக்குக் கோபமில்லை. பொக்ஸ் இங்கேதானே இருக்கிறது.

ஒருநாள் பின்னேரம் சுதனின் அக்கா பவளம் வேலியடியில் நின்று கூப்பிட்டாள். "தம்பி வில்வன், சங்கதி தெரியுமா? சுதனுக்கு அங்க நிரந்தர விசா கிடைச்சிட்டாம். மயூரதிட கலியாணத்துக்கு வாறான்."

மயூரதி பவளத்தின் மகள். கலியாணம் சிலாபத்தில் ஒரு மண்டபத்தில், மூன்று மாதத்தில். "பின்னேரம் பாட்டுக் கச்சேரியும் இருக்கு. தாய்மாமன் வாசிக்காமலா?" என்று பவளம் சிரித்தாள்.

அன்று வில்வன் வாசிக்கவில்லை. பொக்ஸுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான். சந்தோசமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, இத்தனை வருசமாக இரண்டிலேயே வைத்து வாசித்த கை மேடையில் எடுபடுமோ என்று.

அடுத்த மூன்று மாதமும் அவன் மாப்பிள்ளையைவிட அந்தரப்பட்டான். பொக்ஸின் மூலைத் தகடுகளில் துருவைச் சுரண்டி எடுத்தான். வயர் ஒட்டிய இடங்களைத் திரும்பச் சூடுகாட்டி ஒட்டினான். சுதன் அந்தப் பொக்ஸில் கிட்டார் வாசித்தால் தனக்கு வேறு பொக்ஸ் வேண்டுமே! சிலாபத்தில் சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிறவரிடம் போய் ஒரு நல்ல பேஸ் பொக்ஸுக்குச் சொல்லி வைத்தான். "எத்தனை பேர் வாசிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார். "நாங்க ரெண்டு பேர்" என்று வில்வன் சொன்னான். அப்படிச் சொல்லிவிட்டு மதுரங்குளிப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குத் திரும்பியபோது வழி முழுக்கச் சிரித்த முகம்.

கலியாணத்தன்று பின்னேரம் பொக்ஸைப் பெட்ஷீட்டால் சுற்றி, சின்ன லொறியில் தானும் பின்னால் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். சுதன் மேடையடியில் நின்றான். உடம்பு வைத்திருந்தது, தலை முன்பக்கம் முடி கொட்டி வெளித்திருந்தது. வில்வனைக் கண்டதும் ஓடிவந்து இறுக்கிக் கட்டிப்பிடித்தான். அந்தக் கட்டிப்பிடிப்பில் பொய் இல்லை. வில்வனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், அப்படியே இருக்கிறாய்!" என்றான் சுதன். பிறகு பெட்ஷீட்டைப் பார்த்தான். "இது என்ன?"

"உன்ர பொக்ஸ்."

சுதன் துணியை விலக்கிப் பார்த்து வாயைப் பிளந்தான். "ஐயோ, இது இன்னும் இருக்கா? நான் மறந்தே போய்ட்டன் மச்சான். இதையேன் பாரம் தூக்கிக்கொண்டு வந்தாய்? இங்க பார்." அவன் கையில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி இருந்தது. கிட்டாரை அதில் பூட்டினால் நேரே மண்டபத்து ஸ்பீக்கருக்குள் போய்விடும். எந்த அம்ப்ளிஃபயரின் சத்தம் வேண்டுமோ, எந்தப் பொக்ஸின் சத்தம் வேண்டுமோ, எல்லாம் அதற்குள் இருக்கிறதாம். "இந்தப் பொக்ஸின்ர சத்தமும் இதுக்க இருக்கு" என்று சுதன் பெருமையாகச் சொன்னான்.

கீபோட்காரன் அம்ஜத் மதுரங்குளி ஆள், மரியாதையான பெடியன். வில்வன் பேஸ் கிட்டாரை எடுப்பதைக் கண்டு அவன் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தான். "அண்ணே, குறை நினைக்காதீங்க. பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் முன்னமே பதிஞ்ச ட்ரெக்லயே இரிக்கு. ரெண்டு பேஸ் வந்தா மோதும்."

"அதெல்லாம் பரவாயில்ல, ஒரு பாட்டுக்கு மச்சானும் ஏறட்டும்" என்றான் சுதன்.

வில்வன் ஏறினான். வாடகைப் பொக்ஸ் தேவையில்லை என்று அம்ஜத் அவனுடைய வயரையும் தன் மிக்ஸரிலேயே பூட்டினான். பாட்டுத் தொடங்கியது. முதல் அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்ஜத் அவனுடைய சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டான். மண்டபத்தில் கேட்டது ட்ரெக்கில் வந்த பேஸ். அது பிழையே விடவில்லை. வில்வனும் பிழை விடவில்லை. கம்பியில் விரல் படுகிற டிக் டிக் மட்டும் அவனுக்குக் கேட்டது. பாட்டு முழுவதும் அப்படியே வாசித்தான், வேறென்ன செய்வது? சுதனை ஒருமுறை பார்த்தான். சுதன் போனில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டே வாசித்தான். வேண்டுமென்றே வில்வன் ஒரு இடத்தில் பிசகினான், ஒரு முழு அடி தள்ளி. சுதன் தலையைத் தூக்கவில்லை. பாட்டு முடிந்ததும் சனம் கைதட்டியது.

கீழே இறங்கினால், சுவரோரம் நின்ற பொக்ஸுக்கு மேல் யாரோ ஐஸ்கிரீம் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வில்வன் அவற்றை எடுத்துக் கீழே வைத்தான். புறப்படும்போது சுதன் வந்து தோளில் கை போட்டான். "பொக்ஸை நீயே வச்சுக்க மச்சான். எனக்கெதுக்கு? உனக்குத்தான்." அதை அவன் அன்போடுதான் சொன்னான். கொடுக்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம்.

மறுநாள் பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு வில்வன் வீட்டில் இருந்தான். மத்தியானம் பொக்ஸின் பெட்ஷீட்டை விலக்கி, அதை அம்ப்ளிஃபயரோடு பூட்டினான். இப்போது இது அவனுடையது. ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. குறைத்து வைத்திருந்த பேஸ் குமிழைத் திருகி விட்டான். வொலியூமை இரண்டிலிருந்து மூன்று, ஐந்து, கடைசிவரை ஏற்றினான். பொக்ஸ் உஸ் என்று இரைந்தது. வாசித்தான்.

பழைய சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. குமிழ் ஏறியதே தவிர அவன் கை ஏறவில்லை. நித்திரைகொள்கிறவரைத் தொடுகிற மாதிரித் தொட்டுத் தொட்டுப் பழகிய விரல் கம்பியைத் தடவியதே ஒழிய அடிக்கவில்லை. இன்னொருமுறை முயன்றான், அப்போதும் அப்படித்தான். இத்தனை வருசத்தில் பொக்ஸுக்கு ஒன்றும் நடக்கவில்லை, தன் கைக்குத்தான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவனுக்கு வந்த கோபம் அவனுக்கே புதிது. பல்லைக் கடித்துக்கொண்டு தடித்த கம்பியை ஓங்கி அடித்தான். தகரக் கூரை அதிர்ந்தது. டக் என்றது. நிறுத்தாமல் அடித்தான். டக், டக். பிறகு சரக் என்று ஒரு சத்தம், அதன்பின் ஒரு கரகரப்பு.

இடப்பக்கக் கோன் ஓரத்தோடு கிழிந்து தொங்கியது. வில்வன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதான். அம்மாவின் சாவீட்டிலும் அவன் அப்படி அழவில்லை.

பயணத்தன்று காலையில் சுதன் விடைபெற வந்தான். கையில் சொக்லட் பெட்டி, வாசலில் வான் நின்றது. வில்வன் பொக்ஸைப் பெட்ஷீட்டால் மூடவில்லை. கிழிசல் வாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்திருந்தான். வீட்டுப்பாடம் செய்யாத பள்ளிப் பிள்ளை மாதிரி அதற்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"மச்சான், கோனைக் கிழிச்சிட்டன்" என்றான்.

சுதன் எட்டிப் பார்த்தான். "ஓ. பரவாயில்ல மச்சான், பழசுதானே. ஒண்டும் யோசிக்காத." அந்தச் சாக்கடை வாயை அங்கே போய்க் கழுவிவிட்டான் போலிருக்கிறது. அவ்வளவு பண்பாகச் சொன்னான்.

"ஏசன்டா" என்றான் வில்வன்.

"ஏனடா?" சுதனுக்கு விளங்கவில்லை. சிரித்தான். வான்காரன் ஹோர்ன் அடித்தான். சொக்லட் பெட்டியை மேசையில் வைத்து, வில்வனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "அடுத்த முறை வரேக்க சந்திப்பம்" என்று சுதன் போய்விட்டான். வான் வீதிக்கு ஏறி, பள்ளம் விழுந்த இடத்தில் மெதுவாகி, பிறகு வேகம் பிடித்தது.

வில்வன் உள்ளே வந்து பொக்ஸுக்கு முன்னால் நின்றான். அடுப்பில் வைத்த தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் போய் இறக்கவில்லை.

"எருமை, எங்கடா போறாய்? சொல்லச் சொல்லக் கேக்காமல் கிழிச்சிட்டியே!" என்று அந்த வெறும் வீட்டில், சுதனின் குரலில், சத்தமாக ஏசினான்.

பிறகு தன் குரலில், "ஓம் மச்சான், கிழிச்சிட்டன்" என்றான்.